அடுத்த கார் சீட்: வயதை விடுங்கள், தோளைப் பாருங்கள்

எங்கள் வீடு செங்கோட்டையில். மாமியார் வீடு கேரளத்தில், நெடுமங்காட்டில். மாதம் ஒரு முறையாவது புளியரை, ஆரியங்காவு, தென்மலை, அங்கிருந்து குளத்துப்புழை, மடத்தறை, பாலோடு என்று மலையைத் தாண்டிப் போய்வருவோம். மகளுக்கு நாலு வயது நிறைந்த வாரம், அவளுடைய பழைய கார் சீட்டைக் கழற்றிவிட்டு, பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் ஒன்று வாங்கி வைத்தோம். பெட்டியில் 15 கிலோவிலிருந்து 36 கிலோ வரை என்று போட்டிருந்தது. அவள் 15 கிலோ 400 கிராம். கணக்குப்படி எல்லாம் சரி.

புளியரை எஸ் வளைவு ஏறும்போதே அவள் தூங்கிவிட்டாள். ஆரியங்காவு தாண்டித் திரும்பிப் பார்த்தால், தலையும் தோளும் கதவுப் பக்கம் சரிந்து, தோளில் இருக்க வேண்டிய பெல்ட் கழுத்தில் உராய்ந்துகொண்டிருந்தது. இடுப்பு பெல்ட் வயிற்றுக்கு ஏறியிருந்தது. வண்டியை ஓரம் கட்டச் சொல்வதற்குள் எதிரே ஒரு லாரி வளைவை அகலமாக எடுத்து வந்தது. வண்டி ஓட்டிய என் கணவர் பிரேக்கை அழுத்தினார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை, பிள்ளை விழிக்கக்கூட இல்லை. ஆனால் பெல்டுக்கு அடியில் அவள் ஒரு சாண் கீழே நழுவியிருந்தாள். அன்று இரவே நெடுமங்காட்டில் உட்கார்ந்து, இந்தச் சீட்டுகளைப் பற்றி முதலில் தெரிந்திருக்க வேண்டியதை எல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

முதல் சீட் பிள்ளைக்குச் சிறிதாகிவருகிறது, அடுத்து என்ன வாங்குவது என்று நிற்கிற பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். மூன்று வயதாகியும் இன்னும் சீட்டே வாங்காதவர்களும் இங்கிருந்தே தொடங்கலாம்.

மாற்றினால் எதை இழக்கிறோம்

பின்பக்கம் பார்த்து உட்காரும் சீட்டில், மோதலின்போது பிள்ளையின் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் ஓடு மொத்தமாகத் தாங்குகிறது. முன்பக்கம் பார்க்கத் திருப்பியதும் அந்தத் தாங்கல் போய்விடும். உடம்பை வார்கள் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் வீசப்படும். இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என்று ஐந்து இடத்தில் பிடிக்கும் வார் அது. கடையில் ஃபைவ் பாயிண்ட் ஹார்னஸ் என்பார்கள். பூஸ்டருக்குப் போனால் அந்த ஹார்னஸும் இல்லை. பூஸ்டரின் வேலை பிள்ளையைக் கொஞ்சம் உயர்த்தி, காரின் பெல்ட் சரியான எலும்பின் மேல் படும்படி செய்வது, அவ்வளவுதான். பிடிப்பது காரின் பெல்ட். அந்த பெல்டுக்குள் நேராக உட்கார்ந்திருக்க வேண்டிய பொறுப்பு பிள்ளையுடையது.

நாலு வயதுப் பிள்ளையின் இடுப்பெலும்பு இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. பெரியவர்களுக்கு இடுப்பு பெல்ட் மாட்டி நிற்பது அந்த எலும்பின் மேல்முனையில். சின்னப் பிள்ளைக்கு அப்படிப் பிடிமானம் இல்லாததால், உடம்பு சற்றுச் சரிந்தாலும் பெல்ட் வழுக்கி வயிற்றுக்கு ஏறிவிடும். அங்கே உள்ளே இருப்பது குடலும் கல்லீரலும். அதனால்தான் அடுத்த சீட்டுக்குப் போக அவசரப்படாதீர்கள் என்கிறேன். இப்போதுள்ள சீட்டின் வரம்புக்குள் பிள்ளை அடங்கும்வரை அதிலேயே வைத்திருங்கள். சுவீடனில் நாலு வயதுவரைகூடப் பின்பக்கம் பார்த்தே உட்காரவைப்பது வழக்கம். கால் மடங்குகிறதே என்று வீட்டில் சொல்வார்கள். கால் மடங்குவதால் ஒன்றும் இல்லை, பிள்ளைகள் தரையிலும் அப்படித்தான் உட்காருகிறார்கள்.

முதல் வேலை: அளந்து பார்ப்பது

எடைக்கு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள். பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். உயரத்துக்குச் செருப்பில்லாமல் கதவு நிலையில் குதிகாலை ஒட்டி நிறுத்திக் கோடு போடுங்கள். இன்னொரு அளவும் வேண்டும்: சுவரோடு ஒட்டித் தரையில் உட்காரவைத்துத் தோளின் உச்சி எத்தனை செ.மீ. என்று பாருங்கள். ஒரே உயரமுள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்குக் கால் நீளமாக இருக்கும், இன்னொருவருக்கு உடம்பு நீளமாக இருக்கும். உடம்பு நீளமான பிள்ளைக்குத்தான் சீட் சீக்கிரம் போதாமல் போகும்.

அப்புறம் பழைய சீட்டில் உட்காரவைத்து மூன்று விஷயம் பாருங்கள். முன்பக்கம் பார்க்கும் சீட்டில் தோள் வார் வெளியே வரும் துளை, தோளுக்குச் சமமாகவோ மேலேயோ இருக்க வேண்டும். உச்சித் துளையையும் தோள் தாண்டிவிட்டால் அந்தச் சீட் முடிந்தது. காதின் மேல்நுனி சீட் ஓட்டின் மேல்விளிம்பைத் தொட்டாலும் முடிந்தது. எடை வரம்பைத் தாண்டினாலும் அப்படியே. பின்பக்கம் பார்க்கும் சீட்டில் துளைக் கணக்கு தலைகீழ்: வார் தோளுக்குச் சமமாகவோ கீழேயோ இருக்க வேண்டும், தலைக்கு மேலே ஓடு இரண்டு விரல்கடையாவது மிஞ்ச வேண்டும்.

நம் ஊரில் அதிகம் விற்கும் 0–18 கிலோ சீட்டுகளில் பெரும்பாலான பிள்ளைகள் 18 கிலோவை எட்டுமுன்பே தோள் துளையைத் தாண்டிவிடுகிறார்கள். என் மகளுக்கும் அதுதான் நடந்தது. சீட் முடிந்தது உண்மை, ஆனால் ஹார்னஸுக்கான வயது முடியவில்லை. நாங்கள் சறுக்கியது அந்த இடத்தில்தான்.

எந்த வகை வாங்குவது

மூன்றிலிருந்து ஐந்து வயதுக்கு நான் சொல்வது, ஹார்னஸோடு வந்து பின்னால் அதையே பூஸ்டராக மாற்றிக்கொள்ளக்கூடிய சீட். பெட்டியில் 9–36 கிலோ என்று இருக்கும். இதில் ஒரு விஷயத்தைக் கடையில் யாரும் சொல்வதில்லை. 36 கிலோ வரை ஹார்னஸ் வராது. ஆர்44 என்ற பழைய ஐரோப்பியப் பாதுகாப்புத் தரத்தில் செய்த சீட்டுகளில் ஹார்னஸ் பெரும்பாலும் 18 கிலோ வரைதான், அதற்கு மேல் வாரைக் கழற்றிக் காரின் பெல்ட்டைப் போட வேண்டும். ஆக பழைய சீட்டிலும் 18, புதிய சீட்டிலும் 18. உங்களுக்குக் கிடைப்பது எடையில் இல்லை, உயரத்தில். இதன் தோள் வார் பழையதைவிட மேலே போகும். வாங்குமுன் அந்த உச்சி உயரத்தை டேப் வைத்து அளந்து, வீட்டில் எடுத்த தோள் அளவோடு ஒப்பிடுங்கள். ஐந்து செ.மீ.யாவது மிச்சம் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம்.

அதற்குப் பின் வந்த புதிய தரமான ஆர்129 அல்லது ஐ-சைஸ் என்று போட்ட சீட்டுகள் எடைக்குப் பதில் உயரத்தைக் கணக்கில் எடுப்பவை. பக்கவாட்டு மோதல் சோதனையும் அந்தத் தரத்தில் உண்டு. 76–150 செ.மீ. என்று இருந்தால் ஹார்னஸ் பெரும்பாலும் 105 செ.மீ. வரை, அதன்பின் பூஸ்டர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 செப்டம்பரிலிருந்து ஆர்44 சீட்டுகளைப் புதிதாக விற்பதில்லை. இங்கே இரண்டும் கிடைக்கின்றன. பணம் இடம் கொடுத்தால் ஐ-சைஸ் எடுங்கள், இல்லையென்றால் ஆர்44 முத்திரை உள்ளதைத் தயங்காமல் எடுங்கள்.

முதுகே இல்லாத, வெறும் பலகை போன்ற பூஸ்டர் இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். புதிய ஐரோப்பிய விதிகளில் அது 125 செ.மீ. தாண்டிய பிள்ளைகளுக்கு மட்டும்தான். தூங்கும் பிள்ளையின் தலைக்கு அதில் எந்தப் பிடிப்பும் இல்லை.

முத்திரையை எங்கே தேடுவது? சீட்டின் பின்பக்கமோ அடியிலோ ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிற ஸ்டிக்கரில் வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும். எண் எந்த நாடு ஒப்புதல் கொடுத்தது என்பதைக் குறிக்கும்: 1 என்றால் ஜெர்மனி, 4 என்றால் நெதர்லாந்து. இந்தியத் தரத்தின் பெயர் ஏஐஎஸ்-072. இவை எதுவுமே இல்லாமல், குறைந்த விலைக்கு ஆன்லைனில் வரும் துணிப்பை மாதிரியான ‘சீட்’களைத் தொடாதீர்கள்.

நம் பக்கம், குறிப்பாகக் கடையநல்லூர், புனலூர் வட்டாரத்தில், வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் சீட் கொண்டுவந்து தருவதுண்டு. அன்போடு சுமந்து வருகிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் ஸ்டிக்கரைப் பாருங்கள். அங்கே அமெரிக்கச் சீட்டும் விற்கும், ஐரோப்பியச் சீட்டும் விற்கும். அமெரிக்கக் கார்களில் பெல்ட்டை முழுக்க இழுத்துவிட்டால் அது பூட்டிக்கொண்டு சீட்டை இறுக்கிப் பிடிக்கும். அமெரிக்கச் சீட்டுகள் பல அதை நம்பியே செய்யப்பட்டவை. நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் அந்தப் பூட்டு கிடையாது, பெல்ட் தளர்ந்துகொண்டே இருக்கும். சீட்டிலேயே பெல்ட்டைப் பூட்டும் கிளிப் இருந்தால் மட்டும் அதை எடுங்கள்.

பழைய சீட் வாங்குவதானால் அது விபத்தில் சிக்காதது என்று உங்களுக்கே நேரடியாகத் தெரிந்திருக்க வேண்டும். தயாரித்த தேதி ஓட்டில் அச்சாகியிருக்கும். எத்தனை ஆண்டு பயன்படுத்தலாம் என்பதும் சீட்டிலோ கையேட்டிலோ இருக்கும், பெரும்பாலும் ஆறிலிருந்து பத்து ஆண்டு. வருடக்கணக்கில் வெயிலில் நின்ற காருக்குள் இருந்த பிளாஸ்டிக் பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கும்.

உங்கள் காரையும் பாருங்கள்

பின்சீட்டின் முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் விரலை விடுங்கள். இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்பட்டால் ஐசோஃபிக்ஸ், அதாவது பெல்ட் இல்லாமலே சீட்டைக் காரோடு மாட்டும் வசதி, இருக்கிறது. மூன்றாவது பிடி ஒன்று எப்போதும் வேண்டும்: சீட்டின் தலைக்குப் பின்னால் போய் காரின் கொக்கியில் மாட்டும் வார், அல்லது தரையில் ஊன்றும் கால். வாரை மாட்டாமல் விட்டுவிடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அது இல்லாவிட்டால் மோதலில் சீட்டோடு சேர்ந்து பிள்ளையின் தலை பல அங்குலம் கூடுதலாக முன்னால் போகும். ஊன்றுகால் உள்ள சீட் என்றால், அந்த இடத்தில் தரைக்கு அடியில் சாமான் வைக்கும் பெட்டி இருக்கக்கூடாது.

ஐசோஃபிக்ஸில் மாட்டி ஹார்னஸ் போடும்போது சீட்டும் பிள்ளையும் சேர்ந்து 33 கிலோவுக்குள் இருக்க வேண்டும். சீட்டே 13 கிலோ என்றால் பிள்ளைக்கு 20 தான்.

ஐசோஃபிக்ஸ் இல்லாத காரா? பரவாயில்லை. பெல்டில் சரியாகக் கட்டினால் அதுவும் உறுதியானதே. ஆனால் நடு இருக்கையில் இடுப்பு பெல்ட் மட்டும் உள்ள பழைய கார்களில் பூஸ்டரை நடுவில் வைக்கவே கூடாது. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட் உள்ள ஓர இருக்கையில்தான் பூஸ்டர். நாங்கள் இடது பக்க ஜன்னல் இருக்கையில் வைத்திருக்கிறோம், சாலையில் நிற்காமல் ஓரத்தில் இருந்தே ஏற்றி இறக்க முடியும் என்பதால். காற்றுப்பை வேலை செய்யும் முன்இருக்கையில், பின்பக்கம் பார்க்கும் சீட்டை ஒருநாளும் வைக்காதீர்கள்.

முடிந்தால் கடைக்குக் காரோடு போய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். எங்களுக்குத் திருநெல்வேலியும் தூரம், திருவனந்தபுரமும் தூரம் என்பதால், திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பார்த்து ஆன்லைனில் வாங்கி, அட்டைப்பெட்டியைக் கிழிக்காமல் வைத்து மாட்டிப் பார்த்தோம். முதலில் வந்த சீட், எங்கள் கார் பின்சீட்டின் தலையணை கழற்ற முடியாததாக இருந்ததால் சரியாகச் சாயாமல் நின்றது. திருப்பிவிட்டோம்.

மாட்டுவது

சீட்டின் மேல் முழங்காலை ஊன்றி, உடம்பு எடையை முழுக்கக் கொடுத்து அழுத்திக்கொண்டே பெல்ட்டை இழுங்கள். பிறகு பெல்ட் நுழையும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் ஆடினால் மறுபடியும் மாட்டுங்கள். பிள்ளையை உட்காரவைத்து, இடுப்பு வார் தொடை மேல் தாழப் படியும்படி முதலில் சரிசெய்து, அப்புறம் தோள் வாரை இறுக்குங்கள். தோளெலும்பு பக்கத்தில் வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் வந்தால் இன்னும் தளர்வு என்று அர்த்தம். பிள்ளை முனகும், நானும் முதலில் மனசு கேட்காமல் ஒரு பிடி தளர்த்தியே விடுவேன். இப்போது விடுவதில்லை.

இந்த இடத்தில்தான் வீட்டுப் பெரியவர்கள் வருவார்கள். என் அம்மா சொன்னது: “ஏட்டி, பிள்ளையை எதுக்குக் கெட்டிப் போடுதே? நான் மடில வச்சிக்கிடுதேன்.” அவர்களிடம் வாதாடாமல் நான் கணக்குச் சொன்னேன். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி பத்தில் ஒரு நொடியில் நின்றால், 15 கிலோ பிள்ளை கிட்டத்தட்ட 200 கிலோ கனத்தோடு முன்னால் போகும். இரண்டு நெல்மூட்டைக்கும் மேல். “உன்னால பிடிக்க முடியுமாம்மா?” என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. அடுத்த முறை ஏறும்போது அவர்களே கிள்ளிப் பார்த்து, “இன்னும் லூசா இருக்கு” என்றார்கள்.

மலைப்பாதையில்

சமவெளிக்கு எழுதிய கையேடுகளில் இது இருக்காது. வளைவுகளில் பிள்ளைக்குக் குமட்டும். குமட்டினால் தாய்க்கு முதலில் தோன்றுவது வாரைத் தளர்த்துவதுதான். அதை மட்டும் செய்யாதீர்கள். புளியரையிலிருந்து தென்மலை வரை எம்-சாண்ட் லாரியும் காய்கறி வண்டியும் ஓயாது, கார்த்திகை மார்கழியில் ஐயப்பமார் வண்டிகளும் சேரும், எங்கே பிரேக் விழும் என்று சொல்ல முடியாது. ஓரம் கட்டி இறக்கி, காற்றாட நிறுத்தி, வாய் கொப்பளிக்கவைத்து மறுபடி மாட்டுங்கள். கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்துக்குப் பக்கத்தில் நாங்கள் எப்போதுமே நிறுத்துகிறோம், குமட்டினாலும் குமட்டாவிட்டாலும். ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இட்லி மாதிரி லேசாக ஏதாவது கொடுத்துவிடுங்கள். வண்டியில் போனும் படப்புத்தகமும் வேண்டாம், தூரத்து மலையைக் காட்டுங்கள்.

வாந்தி சீட்டில் பட்டால் துணி உறையைக் கழற்றித் துவைக்கலாம். வார்களை மட்டும் சோப்பில் ஊறவைக்கவோ மெஷினில் போடவோ கூடாது, நூலின் வலு போய்விடும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். பக்கிள் உள்ளே சோறு, பிஸ்கட் துகள் சிக்கினால் கிளிக் சத்தம் சரியாகக் கேட்காது. தயாரிப்பாளர் சொல்லும் முறையில் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, கிளிக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

தூங்கும் தலை முன்னால் தொங்குகிறதே என்று பின்னால் தலையணை வைப்பதும், அடியில் துண்டு மடித்துப் போடுவதும், தலையை ரிப்பனால் கட்டுவதும் ஆபத்து. சீட்டோடு வராத எதையும் சேர்க்காதீர்கள். மலைக்குளிருக்குப் போடும் தடித்த ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு வார் மாட்டி, அதன் மேல் போர்த்திவிடுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் பக்கிளின் இரும்பு தொடையைச் சுட்டுவிடும். நிறுத்தும்போதே வெள்ளைத் துண்டால் மூடிவையுங்கள்.

எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் மத்தியச் சட்டம், புளியரைச் சோதனைச்சாவடி தாண்டினால் மாறிவிடாது. 2019 திருத்தத்தில் வந்த 194பி பிரிவின்படி, 14 வயது நிறையாத பிள்ளையை பெல்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் கூட்டிச்சென்றால் 1,000 ரூபாய் அபராதம். கேரளத்தில் 2024 அக்டோபரில், நாலு வயதுக்குட்பட்டோருக்குக் குழந்தை இருக்கையும் 135 செ.மீ.க்குக் குறைவான பெரிய பிள்ளைகளுக்கு பூஸ்டரும் கட்டாயம், டிசம்பரிலிருந்து அபராதம் என்று போக்குவரத்துத் துறை அறிவித்தது. உடனே அமைச்சர் அபராதம் விதிக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டு எங்கள் சொந்தத்திலேயே இரண்டு பேர் சீட் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள், எனக்கு அதில் மிகுந்த வருத்தம். மேலே சொன்ன சட்டப்படி வெறும் பெல்ட் போட்டாலும் அபராதம் இல்லைதான். ஆனால் நாலு வயதுப் பிள்ளைக்கு வெறும் பெல்ட் எங்கே போய் நிற்கிறது என்று நான் பார்த்திருக்கிறேன்.

சொந்தக்காரர் காரிலோ டாக்ஸியிலோ போக நேர்ந்தால் சீட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகிறோம். முடியாத நாளில் செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ரயில் இருக்கிறது. 2018இல் அகலப்பாதை முழுக்கத் திறந்ததிலிருந்து எங்களுக்கு அது பெரிய உதவி.

பூஸ்டருக்கு எப்போது

எடை 18 கிலோவை நெருங்க வேண்டும், உயரம் 100 செ.மீ. தாண்ட வேண்டும், வயது நாலு நிறைந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தாலும் எனக்குப் போதாது. பிள்ளையால் பயணம் முழுக்கச் சாயாமல், குனியாமல், தோள் பெல்ட்டைக் கைக்கு அடியில் தள்ளாமல் உட்கார முடிகிறதா? வீட்டு வாசலில் நிற்கும் காரிலேயே பூஸ்டரில் உட்காரவைத்து, கதை சொல்லிக்கொண்டே இருபது நிமிடம் பாருங்கள். தோள் பெல்ட் கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவில், இடுப்பு பெல்ட் தொடை மேல், கடைசி நிமிடத்திலும் அதே இடத்தில் இருக்க வேண்டும். என் மகள் ஏழாவது நிமிடத்தில் ஜன்னல் பக்கம் சாய்ந்து, பெல்ட்டைக் கைக்கு அடியில் விட்டுவிட்டாள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது ஐந்தரை, ஆறு வயதில்தான் கைவருகிறது. பகலில் தூங்காமல் வருகிற பிள்ளைக்கு ஒருவேளை முன்னமே வரலாம். மலையேறியதும் கண் சொருகும் பிள்ளைக்குப் பொறுத்திருங்கள்.

பூஸ்டரிலிருந்து வெறும் பெல்டுக்குப் போவது இன்னும் பல வருடம் தள்ளி. முதுகு சாய்ந்து, முழங்கால் இருக்கை விளிம்பில் மடிந்து உட்காரும் உயரம் வர வேண்டும். 135 செ.மீ. குறைந்தபட்சம், அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சொல்வது 145.

எங்கள் வீட்டில் இப்போது ஹார்னஸ் உள்ள 9–36 கிலோ சீட். அவள் 16 கிலோ 100, தோளுக்கு மேல் இன்னும் நாலு செ.மீ. வார் ஏறும். ஓணத்துக்கு ஒரு முறை, பொங்கலுக்கு ஒரு முறை, முழுப்பரீட்சை லீவில் ஒரு முறை அளக்கிறோம், கதவு நிலையில் கோடுகள் சேர்ந்துகொண்டு வருகின்றன. அவசரப்பட்டு வாங்கிய பூஸ்டர் பரணில் இருக்கிறது, அது வீணாகாது. முதல் சீட்டை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. ஆண்டு வரம்பு முடிந்துவிட்டது. வார்களைக் கத்திரியால் வெட்டி, ஓட்டின் மேல் ‘பயன்படுத்தாதீர்’ என்று மார்க்கரில் எழுதி, பிறகுதான் பழைய சாமான்காரரிடம் போட்டோம்.